உருண்டை, வட்டம், குண்டு: எதை எங்கே சொல்வது?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கப் போனால் "உருண்டைக் காயா, நீட்டுக் காயா?" என்று கேட்பார்கள். மிளகாய் என்றால் "குண்டா, நீட்டா?" என்பார்கள். வீட்டில் சப்பாத்தி தேய்ப்பவரைப் பார்த்து "வட்டமா வரலியே" என்போம். வளையலுக்கு இந்த மூன்றுமே ஒட்டாது. இப்போது 'ரவுண்டு' என்ற ஒரே சொல் இத்தனையையும் விழுங்கிக்கொண்டு வருகிறது. 'ரவுண்டா இருக்கும்' என்று சொன்னால் தட்டா, பந்தா, மோதிரமா என்று எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய சொற்களில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

காரணம், இவற்றில் பல சொற்கள் பெயர்ச்சொல்லாகப் பிறந்தவை இல்லை. வினையிலிருந்து வந்தவை. உருண்டது உருண்டை, திரண்டது திரளை, வளைந்தது வளையம். ஒரு பொருள் எந்த வேலையால் அந்த வடிவத்துக்கு வந்தது என்பதைச் சொல் தனக்குள் வைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் எதை எங்கே சொல்வது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் உருள். 'உருள்' என்ற வினை இறந்தகாலத்தில் 'உருண்ட' என்று ஆகும். அதன் மேல் ஐகாரம் ஏறினால் உருண்டை. இது தனி விதி இல்லை. திரள் திரண்டது, சுருள் சுருண்டது, புரள் புரண்டது, இருள் இருண்டது, எல்லாம் இதே தடம். பிறர் செய்விக்கும் செயலாக மாறும்போது அந்த 'ண்ட' இரட்டித்த 'ட்ட' ஆகிவிடும்: உருட்டு, திரட்டு, சுருட்டு, புரட்டு. புகையிலையைச் சுருட்டியதால் அது சுருட்டு. ஆங்கிலக்காரர் 'செரூட்' என்று சொல்வது நம் சுருட்டைத்தான்.

'உருள்' என்பதற்கே சக்கரம் என்ற பொருளும் உண்டு. குறளில் வரும் 'உருள்பெருந்தேர்' உருண்டு ஓடுகிற பெரிய தேர். அதற்கு ஆதாரமான அச்சாணி கையளவுச் சின்னது என்பதுதான் அந்தக் குறளின் சங்கதி. உருளி, உருளை இரண்டும் இந்த வீட்டுப் பிள்ளைகளே. கணக்குப் புத்தகத்தில் உருளை என்றால் மேலும் கீழும் வட்டத் தட்டு, நடுவில் நேரான சுவர். அந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கைப் பார்த்தால் பெயர் பொருந்தாது. கிழங்குக்குப் பெயர் வைத்தவர்கள் அது உருளும் என்பதைப் பார்த்தார்கள், கன அளவு கேட்கவில்லை.

திரளுவதும் உருளுவதும் வேறு வேறு வேலை என்பதை அடுப்படியில்தான் நன்றாகப் பார்க்கலாம். வட ஆற்காட்டுப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம்; மணிலாக் கொட்டை தேய்ந்து அப்படி ஆனது. மல்லாட்டை உருண்டைக்கு, வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 2 கப், பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் கால் கப், ஏலக்காய் இரண்டு. வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். அதில் ஒரு சொட்டுப் பாகு விட்டால் முதலில் கரைந்து பரவும். கொஞ்சம் பொறுத்து விட்டால் விரலால் திரட்ட வரும், ஆனால் கொழகொழவென்று இருக்கும்; அது அதிரசத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. இன்னும் பொறுத்தால் சொட்டு உடனே இறுகும். எடுத்து உருட்டித் தட்டின் ஓரத்தில் போட்டால் 'டங்' என்று கேட்கும். அந்த நொடியில் அடுப்பை அணைத்துப் பருப்பைக் கொட்டிக் கிளற வேண்டும்.

இனிமேல்தான் அந்த இரண்டு வேலை. உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு, சூடான கலவையில் ஒரு பிடி எடுத்து முதலில் அழுத்தாமல் திரட்டி வைக்க வேண்டும், இது திரளை. எல்லாவற்றையும் இப்படிப் பிடித்து வைத்த பிறகு, முதலில் வைத்ததிலிருந்து எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்ட வேண்டும், இப்போதுதான் உருண்டை. எடுத்த எடுப்பில் ஒவ்வொன்றையும் அழகாக உருட்டி முடிக்கப் பார்த்தால், பாதி வருவதற்குள் பாத்திரத்தில் மீதி கல்லாகிவிடும். அப்படி ஆனால் பாத்திரத்தை மிகச் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும். அதற்கு மேல் வைத்தால் பாகு கருகிக் கசக்கும். பதம் வரும் முன்னே இறக்கியிருந்தால் வேறு கோளாறு: உருட்டும்போது உருண்டையாக இருக்கும், ஆறியதும் அடிப்பக்கம் தட்டையாகி உட்கார்ந்துவிடும். பதம் தாண்டிவிட்டால் பிடிக்கவே பிடிக்காது, உதிரும்.

ஆற்காட்டு மக்கன் பேடா இந்தக் கணக்கில் சேராது. கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பிஸ்தா வைத்து உருட்டினாலும், பொரிக்கும் முன் லேசாக அமுக்கி விடுவார்கள். அதனால் அது உருண்டையும் இல்லை, வில்லையும் இல்லை. 'பேடா' என்ற சொல் வடக்கே 'பிண்டம்' என்ற சொல்லோடு உறவுடையது. பிண்டம் என்றால் கையால் பிடித்து வைத்த கட்டி. முழு உருண்டையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பேடாவின் பெயரிலும் கிடையாது.

அடுத்தது வட்டம். இதன் பிறப்பில்தான் சண்டை.

வட்டத்துக்கு முன்னால் வட்டைப் பார்க்க வேண்டும். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்ப மரத்துப் புள்ளி நிழலில் சிறுவர்கள் தரையில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று குறளும் அந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறது: கட்டம் கீறாமல் காய் உருட்டுவது போன்றது, நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசப் போவது. ஆக வட்டு என்பது விளையாட்டுக் காய்.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வட்டத்தை வடமொழி 'வ்ருத்த'விலிருந்து கொண்டுவருகிறது. தேவநேயப் பாவாணர் அதைத் தலைகீழாக்கி, வளைவைக் குறிக்கும் 'வள்' என்ற வேரிலிருந்து வட்டு, வட்டம் என்று வந்து, அதுவே வடமொழிக்கும் போயிற்று என்பார். இரண்டையும் எடைபோட்டால் எனக்குப் பேரகராதிப் பக்கமே கனமாகத் தெரிகிறது. 'வ்ருத்' என்ற வேருக்கு 'திரும்பு' என்று பொருள். அதற்கு லத்தீனில் 'வெர்த்தெரே' என்ற உடன்பிறப்பு உண்டு. தமிழோடு தொடர்பே இல்லாத தூரத்தில் உறவினர் இருக்கும்போது, அந்த வேர் தமிழிலிருந்து போனது என்பது நிற்காது. பிராகிருதத்தில் 'வ்ருத்த' என்பது 'வட்ட' என்றுதான் ஒலிக்கும். அங்கேயே 'த்த', நாக்கை மடித்துச் சொல்லும் 'ட்ட' ஆகிவிட்டது. அந்த வழியாக வந்தது வட்டம். பிற்பாடு அதே சொல் சமஸ்கிருதத்திலிருந்து நேராக வந்தபோது 'விருத்தம்' ஆயிற்று. ஆசிரிய விருத்தம் பாடுகிறவரும் வட்டம் போடுகிறவரும் ஒரே சொல்லைத்தான் இரண்டு வாசல் வழியாக வாங்கியிருக்கிறார்கள். பாவாணர் காட்டும் 'வள்' பொய் வேர் இல்லை. வளை, வளையம், வளையல், வளைவு எல்லாம் அதன் பிள்ளைகள். வட்டத்தை அந்தக் குடும்பத்தில் சேர்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இங்கே ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கும். கடன் வட்டி, அசலைச் சுற்றிச் சுற்றி வருவதால் வட்டத்திலிருந்து வந்தது என்று மேடையில் சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். வட்டி வந்த வழி 'விருத்தி', அதாவது வளர்ச்சி. பிராகிருதத்தில் அது 'வட்டி' போல ஒலிக்கும். சங்கப் பாட்டில் வரும் வட்டியோ பனங்குருத்தால் முடைந்த கூடை. மூன்றும் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். வட்டில் மட்டும் வட்டத்தின் சொந்தக்காரன். அந்த வட்டிலில் ஊற்றி ஆவியில் வேகவைப்பதுதான் வட்டிலப்பம்.

பொருளில் வட்டம் எப்போதும் தட்டைதான், கனம் கிடையாது. நிலா வட்டமாக இருக்கிறது என்போம், ஏனென்றால் நம் கண்ணுக்கு அது தட்டு. பூமி உருண்டை என்போம். செடியில் இதழ்கள் ஒரு சுற்றாக நிற்பதால் தாவரவியலில் அல்லிவட்டம், புல்லிவட்டம். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் விரலைக் குத்துகிற முள் இருக்கிறதே, காம்பை ஒட்டிய அந்தப் பச்சைத் தொப்பிதான் புல்லிவட்டம். இந்தக் கத்திரிக்காய்க்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் குண்டு மிளகாய் என்பதை அவர்கள் முண்டு என்பார்கள்.

வட்டத்தை அளக்கத் தெரியாமல் பணம் விடுவது கிணற்றில். பாலாற்றங்கரை மணலில் உறை இறக்கிய கிணறுகள் நிறைய. உறையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பார்க்க விட்டம் வேண்டும். நடுப்புள்ளி தெரியாத கிணற்றில் டேப்பின் ஒரு முனையை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை எதிர் விளிம்பில் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எங்கே அளவு அதிகமாக வருகிறதோ அதுதான் விட்டம். மற்றதெல்லாம் நாண். பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் ஒரே அடியில் பரப்பைச் சொல்லிவிடுகிறது: 'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி.' குழி என்றால் இங்கே பரப்பு; சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்று அர்த்தம். 14 அடி விட்டக் கிணறு என்றால் சுற்றளவு 44 அடி. பாதி 22, விட்டத்தில் பாதி 7, பெருக்கினால் 154 சதுர அடி. தண்ணீர் ஓர் அடி இறங்கினால் போனது சுமார் 4,360 லிட்டர். அதே 14 அடிக்குச் சதுரக் கிணறு வெட்டியிருந்தால் 196 சதுர அடி. 14 பங்கில் 11 பங்குதான் வட்டத்துக்கு.

உள் விட்டத்தை அளக்காமல் வெளி விட்டத்தை அளப்பதுதான் வழக்கமான தப்பு. உள்ளே 3 அடி, உயரம் 1 அடி உள்ள உறை ஒன்று சுமார் 200 லிட்டர் பிடிக்கும். உறைச் சுவர் 2 அங்குலக் கனம் என்று வையுங்கள். வெளியே அளந்தால் 3 அடி 4 அங்குலம் வரும், கணக்கு 247 லிட்டர் என்று காட்டும். பத்து உறைக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 470 லிட்டர். உறை இறக்கும்போதும் வட்டம் ஏமாற்றும். அடியில் ஒரு பக்கம் மட்டும் மண்ணைப் பறித்தால் உறை அந்தப் பக்கம் சாயும். முதல் உறை சாய்ந்தால் மேலே வருகிற அத்தனையும் அதன் போக்கில்தான் போகும். ஒவ்வோர் அடிக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, உயர்ந்து நிற்கிற பக்கத்தில் மண்ணை எடுத்துச் சமன் செய்ய வேண்டும். சாய்ந்த பக்கத்தை நெம்பித் தூக்கப் பார்த்தால் உறை வெடிக்கும்.

தூக்குக்குண்டு என்றதும் குண்டுக்கு வருவோம். குடியாத்தம், காட்பாடி பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் 'குண்டு', 'குண்ட்ரம்' என்பார்கள், கன்னடத்திலும் குண்டு. தெற்கத்தி மொழிகளுக்குப் பொதுவான சொல் இது. பீரங்கிக் குண்டு, குண்டு பல்பு, குண்டூசி என்று பிதுங்கிய எதற்கும் இது பொருந்தும். உருண்டை உருட்டப்பட்டிருக்க வேண்டும். குண்டு தானாகவே உப்பியிருந்தால் போதும். அதனால்தான் ஆளைக் குண்டு என்கிறோம், உருண்டை என்றால் அது கேலி. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் உருது பேசுகிறவர்கள் 'கோல்' என்பது இதையும் சேர்த்துத்தான். அதே குடும்பத்து 'கோலி'யை எடுத்து நாம் 'கோலிக்குண்டு' ஆக்கியபோது ஒரே பொருளை இரண்டு மொழியில் அடுக்கிவிட்டோம்.

ஆனால் 'குண்டும் குழியுமான ரோடு' என்பதில் வருகிற குண்டு இது இல்லை. மேடும் பள்ளமும் என்பது போல எதிர்ச்சொல் இரண்டு சேர்ந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம், பள்ளம் என்ற பொருளும் உண்டு. சங்கப் பாட்டில் அகழிக்கு அடையாக இந்தக் குண்டு வரும். வேலூர்க் கோட்டையைச் சுற்றியிருக்கிற அகழியையும் குண்டகழி என்று சொன்னால் தப்பில்லை. ஆகவே நம் ரோட்டில் குண்டும் பள்ளம், குழியும் பள்ளம். ஒழுங்காக நடப்பதற்கு மேடே கிடையாது என்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது.

கோளத்திலும் இப்படி ஒரு மயக்கம். 'கோள் உருண்டையாக இருக்கும், அதனால் கோளம்' என்று பாடம் நடத்துவார்கள். கோளம் 'கோல'த்திலிருந்து வந்த வடசொல், பந்து என்று பொருள். கோள் தமிழ், கொள் என்ற வினை நீண்டு கோள் ஆனது, பிடித்துக்கொள்வது என்று பொருள். கிரகம் என்பதற்கும் அதே பொருள்தான். கோளுக்கும் உருண்டைக்கும் பெயரில் சம்பந்தமில்லை என்பதற்கு ஜவ்வாது மலைக் காவலூரே சாட்சி. 2.34 மீட்டர் விட்ட ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் அதே வானாய்வகத்தில், 1988-இல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பெரும்பாலான குறுங்கோள்கள் உருண்டை இல்லை, கோணல்மாணலான பாறைகள். அவற்றையும் கோள் என்கிறோமே.

கோணல் என்றதும் கோடு, கோட்டம். கோடுதல் என்றால் வளைதல். யானைக் கோடு அதன் வளைந்த கொம்பு. வளைத்து எல்லை கட்டிய இடம் கோட்டம். தொண்டை மண்டலத்துக்கு 24 கோட்டம் என்பது பழைய வழக்கு. மண்டலம் என்ற வடசொல்லும் வட்டமே. ஆக நம் பக்கம் நிலத்தைப் பிரிக்கிற சொல்லெல்லாம் அன்றைக்கும் வளைவுதான், இன்றைக்கும் வளைவுதான். வரைபடத்தில் எந்த எல்லையும் வட்டமாக இல்லை என்பது வேறு விஷயம்.

படிவம் நிரப்பும்போது இதில் தடுமாறாதவர் குறைவு. வருவாய்த் துறையில் மாவட்டம் பெரிது, அதன் கீழே கோட்டம், அதன் கீழே வட்டம், பிறகு குறுவட்டம், பிறகு கிராமம். 2019 பிரிவினைக்குப் பிறகு வேலூர் மாவட்டத்தில் கோட்டம் இரண்டு: வேலூர், குடியாத்தம். வட்டம் ஆறு: வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம். பட்டாவிலும் சாதிச் சான்றிலும் 'வட்டம்' என்ற கட்டத்தில் இந்த ஆறில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். குறுவட்டத்தைப் பழைய ஆவணங்களில் உள்வட்டம் என்றோ பிர்கா என்றோ பார்க்கலாம், மூன்றும் ஒன்றுதான்.

மின்வாரியத்துக்குப் போனால் வரிசை கவிழ்ந்துவிடும். அங்கே மண்டலத்துக்குக் கீழே வட்டம், வட்டத்துக்குக் கீழே கோட்டம், பிறகு உபகோட்டம், பிரிவு. வட்டத்துக்கு மேற்பார்வைப் பொறியாளர், கோட்டத்துக்குச் செயற்பொறியாளர். பொதுப்பணித் துறையிலும் இதே வரிசை. 'வட்டம்: அணைக்கட்டு, கோட்டம்: வேலூர்' என்று வருவாய்ப் பழக்கத்தில் மின்வாரிய மனுவில் எழுதினால், செயற்பொறியாளர் மேசையில் இருக்க வேண்டிய மனு வேறு எங்கேயாவது அலையும். கட்சிக்காரர்களுக்கோ வட்டம் என்றால் ஒரு வார்டு. வட்டச் செயலாளர் நாலு தெருவுக்குப் பொறுப்பு. அஞ்சல் துறையில் தமிழ்நாடு முழுவதுமே ஒரு வட்டம். மனுவில் 'வட்டம்' என்ற கட்டம் வந்தால் பேனாவை வைப்பதற்கு முன் அது எந்தத் துறைப் படிவம் என்று மேலே தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.